முணுமுணுக்கக் கூடாது

லெமுவல் ஹார்க்நெஸ் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இறந்தார். சனிக்கிழமை அடக்கம். வியாழக்கிழமை அவருடைய கோட்டுப் பையில் ஒரு சீட்டு கிடைத்தது. எங்கள் சங்கத்தின் வாக்குச் சீட்டு. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:

"என் சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் 'சாவியை வச்சுட்டுப் போ' பாட்டைப் போட வேண்டும். சரியான வடிவம். எது என்று ஜெனீவாவுக்குத் தெரியும்."

ஜெனீவா அம்மா அவருடைய மனைவி. அவருக்குத் தெரியாது.

அன்றே அந்தச் சீட்டோடு சாகினா நகரத்துப் பனியில் இரண்டு பேருந்து மாறி எங்கள் பவுலிங் கூடத்துக்கு வந்தார். கூடத்தின் பின்னறையில்தான் சங்கம் கூடும். சங்கம் என்றால் நான்கு ஆண்கள், நான். இப்போது மூன்று ஆண்கள், நான். மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் ஐம்பது வருடத்துக்கு முந்தைய இசைத்தட்டுகளைக் கொண்டு வருவார்கள். கறுப்பினப் பாடகர்களின் சோல் பாட்டுகள், கார் கொட்டகையில் பள்ளிப் பையன்கள் கிதாரை அலறவிட்ட ராக் பாட்டுகள். ஒரே பாட்டை யார் யார் எப்படிப் பாடினார்கள் என்று ஒப்பிட்டு, வாக்கெடுத்து, சண்டை போட்டு, ஆலிவ் பர்கர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

கூடத்தின் மாடியில் என் அறை. ஒரே பாட்டு மூன்று விதமாகத் தரை வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. புகார் சொல்லத்தான் ஒருநாள் கீழே இறங்கினேன். நான்கு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்ததும் எனக்குப் புகாரைச் சொல்ல வாய் வரவில்லை. உட்காரச் சொன்னார்கள். நோட்டைக் கையில் கொடுத்து வாக்குகளை எழுதச் சொன்னார்கள். நான்கு வருடமாக எழுதுகிறேன். மற்ற நாட்களில் நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கேயும் எழுதுவதுதான்.

சங்கத்துக்குச் சட்டங்கள் உண்டு. எல்லாம் லெமுவல் போட்டவை. இசைத்தட்டைப் பருத்திக் கையுறையோடு ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். நடுவில் உள்ள பெயரைக் காகிதத் தட்டில் வெட்டிய வட்டத்தால் மூட வேண்டும், பெயருக்காக யாரும் வாக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. (முதல் கீறல் சத்தத்திலேயே எது எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இருந்தாலும் மூடுவோம்.) ஒருவருடைய கருவியில் இன்னொருவர் முள்ளைத் தூக்கக் கூடாது. இசைத்தட்டுமேல் இசைத்தட்டை வைப்பவன் மனிதப் பிறவியே அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, வாக்கெடுப்பு முடியும்வரை யாரும் பாட்டை முணுமுணுக்கக் கூடாது. முணுமுணுத்தால் அது பிரசாரம். முணுமுணுத்தவர் வாக்கெடுப்பு முடியும்வரை வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்க வேண்டும். ஒரு ஜனவரியில் ஹெக்டர் இரண்டு பாட்டு நேரம் நின்று காதுமடல் தோலுரிந்து வந்தார்.

ஒவ்வொரு கூட்டமும் 'சாவி'யில்தான் முடியும். மூன்று வடிவங்கள். 1965-இல் ஒபீலியா க்ரம்ப் என்ற பெண் பாடியது முதலாவது. பின்னணியில் ஊதுகருவிகள், ஒரு டயர்க் கடையின் பின்கட்டில் பதிவு செய்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ராஸ்கோ அதன் கட்சி. மறுவருடம் ஐந்து பள்ளிப் பையன்கள் அதே பாட்டைக் கத்தித் தீர்த்தார்கள். அதில் டிரம் வாசித்தவர் எங்கள் ஸ்டான்லிதான். அப்போது வயது பதினாறு. கடைசிச் சரணத்தில் ஒரு குச்சியைத் தவறவிட்டார். ஒரு அடி காலியாகக் கிடக்கிறது. நாற்பத்தெட்டு வருடமாக அதைக் கலை என்கிறார். மூன்றாவது ஸ்பானிய மொழியில், அக்கார்டியனோடு. பாடகர் ஹெக்டரின் பெரியப்பா மகன். இவர்களுக்கு இடையில் நடுநிலை வகித்த தலைவர் லெமுவல்.

அடக்க ஏற்பாட்டைப் பேச அன்று கூடியிருந்த எங்கள் முன்னால் ஜெனீவா அம்மா சீட்டை மேசைமேல் வைத்தார். மூவரும் குனிந்து படித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவரைத் தனியே அழைத்துப் போனார்கள். ராஸ்கோ காலணி வாடகை அலமாரிப் பக்கம், ஸ்டான்லி ஜூஸ் இயந்திரத்தின் பக்கம், ஹெக்டர் கழிவறை வாசல். ஒவ்வொரு தடவையும் ஜெனீவா அம்மா முகம் இன்னும் சுருங்கித் திரும்பி வந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். மூவரும் பர்கர் வாங்கப் போயிருந்தார்கள்.

"'அண்ணி, அண்ணன் எங்கிட்ட மட்டும் ரகசியமா சொல்லியிருக்காரு. உன்னுதுதான்டா நெசமா நல்லாருக்கு, மத்தவனுங்ககிட்ட சொல்லிடாதேன்னாரு.' மூணு பேரும் இதையேதான் சொல்றானுங்க கண்ணு. ஒரு எழுத்து மாறல."

சீட்டுகளை ஒட்டி வைத்திருந்த நோட்டைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினேன். சங்கத்தில் பென்சிலால் எழுதுவது லெமுவல் மட்டும்தான். ரகசிய வாக்கு என்றாலும் எனக்குத் தெரியும். ஒரு மாதம் ராஸ்கோவுடையது, அடுத்த மாதம் ஸ்டான்லியுடையது, அதற்கடுத்து ஹெக்டருடையது. மறுபடி ராஸ்கோ. நாற்பத்தெட்டு மாதத்தில் ஒரு தடவைகூட வரிசை மாறவில்லை.

அவர் பென்சில் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"கல்யாணம் ஆன புதுசுல கேப்பாரு. 'ஜெனீவா, எது நல்லாருக்கு?'ன்னு. 'எல்லாம் ஒண்ணுதானே லெம்'முன்னேன். திரும்பக் கேட்டாரு. திரும்ப அதையே சொன்னேன். அப்புறம் கேக்கறதையே விட்டுட்டாரு. நாப்பத்தோரு வருஷத்துல அந்த மனுஷன் எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். போறப்ப மறுபடி கேட்டிருக்காரு. இதுலயும் நான் தப்பாச் சொல்லக் கூடாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சிறப்புக் கூட்டம். ஜெனீவா அம்மாவுக்கு நடுவில் நாற்காலி போட்டார்கள். லெமுவலின் நாற்காலியில் அவருடைய கையுறைகளை வைத்தார்கள். ராஸ்கோ தட்டைத் துடைத்தார், ஹெக்டர் வட்டத்தை ஒட்டினார், ஸ்டான்லி முள்ளை இறக்கினார்.

ஒபீலியா க்ரம்ப் பாடி முடித்தார். எல்லோரும் ஜெனீவா அம்மாவைப் பார்த்தார்கள்.

"இது இல்ல," என்றார். "இதுல பாதிதான் இருக்கு."

ராஸ்கோவின் முகம் விழுந்தது. ஸ்டான்லி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தன்னுடையதைப் போட்டார். ஐந்து பையன்கள் கத்தினார்கள், குச்சி விழுந்தது, பாட்டு முடிந்தது.

"இதுவும் இல்ல. இது திடுதிப்புனு ஆரம்பிக்குது."

"அண்ணி, அது அப்படித்தான் ஆரம்பிக்கும். நான்தான வாசிச்சேன்."

"நீ வாசிச்சா சரியா இருக்கணுமா?"

அக்கார்டியனும் தோற்றது. வாக்கெடுப்பு நடந்தது. ஆளுக்கு ஒரு வாக்கு. நான் வழக்கம்போல் வெற்றுச் சீட்டு. மறுபடி போட்டார்கள். இரண்டாவது சுற்றில் ஸ்டான்லியின் பாட்டு ஓடும்போது ஜெனீவா அம்மா கண்ணை மூடி ஏதோ நினைவுபடுத்திக்கொள்ளப் பார்த்தார். உதடு அசைந்தது. மெல்லிய முணுமுணுப்பு.

மூவரும் ஒரே நேரத்தில் விறைத்தார்கள். ராஸ்கோ இருமினார்.

"அண்ணி. தப்பா நெனைக்காதீங்க. முணுமுணுக்கக் கூடாது."

"ஏன்?"

"சட்டம். அண்ணன் போட்ட சட்டம்."

"அந்த மனுஷன் வீட்டுல பல் வெளக்கும்போதுகூட இதைத்தான் முணுமுணுப்பாரு."

"வீடு வேற, சங்கம் வேற," என்றார் ஸ்டான்லி. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அவரே இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு. கொஞ்ச நேரம் வெளிய நிக்கணும் அண்ணி. ரொம்ப நேரம் இல்ல, பாக்கி இருக்கற ஹெக்டர் பாட்டு ரெண்டு நிமிஷம் முப்பது செகண்டுதான்."

மறுநாள் கணவனை அடக்கம் செய்ய இருந்த அறுபத்தொன்பது வயதுப் பெண்மணி, எழுந்து வெளியே போனார். கோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரும் அசையவில்லை, பாட்டு நடக்கும்போது நாற்காலியை நகர்த்துவதும் குற்றம். நான் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வண்டி நிறுத்துமிடத்தில், பனியை ஒதுக்கிக் குவித்திருந்த மேட்டருகில் நின்றுகொண்டு அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தடுக்க ஆள் இல்லை. நான் கோட்டைப் போர்த்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. ஒபீலியா க்ரம்ப்பின் வளைவுகளோடு போனது. பாட்டு முடியும் இடத்தில் முடித்தார். பிறகு நாக்கை மேலண்ணத்தில் தட்டி, "தடக்" என்றார். உடனே வேகம் பிடித்து தோளைக் குலுக்கி ஸ்டான்லியின் டிரம்மைப் போட்டார். கடைசிச் சரணத்தில் ஒரு அடி விட்டார். முடித்தார். மறுபடி "தடக்". பிறகு அக்கார்டியன். ஆனால் இழுத்து இழுத்து, அரைத்தூக்கத்தில் பாடுவதுபோல.

"நடுவுல தடக்குன்னு சொல்றீங்களே..." என்றேன்.

"அது பாட்டுலயே வரும் கண்ணு."

"பாட்டுல வராதே."

"உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? நாப்பத்தோரு வருஷமா சமையல்கட்டுத் தரைக்குக் கீழ இருந்து வர்றதைக் கேக்கறேன். மூணு பாகம், நடுவுல ரெண்டு தடக். கடைசிப் பாகம் அசந்துபோய் மெதுவா வரும். பெரிய பாட்டு. உள்ள இருக்கற மூணு பேரும் துண்டு துண்டாப் போட்டுட்டு இதுவா இதுவான்னா நான் என்னத்தச் சொல்ல?"

அந்தத் தடக்கை நானே கேட்க வேண்டும்போல் இருந்தது.

என் காரில் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனேன். உள்ளே இருந்தவர்களிடம் சொல்லவில்லை, பாட்டு நடந்துகொண்டிருந்தது. சமையல்கட்டுக்குக் கீழே லெமுவலின் நிலவறை. ஜெனீவா அம்மா அங்கே துணி துவைக்க மட்டும் போவாராம், அதுவும் லெமுவல் வீட்டில் இல்லாதபோது. மரப்பெட்டி போன்ற பெரிய ரேடியோகிராம் மூலையில் நின்றது. நான்கு கால், முன்புறம் துணி போர்த்திய ஒலிபெருக்கி. மூடியைத் தூக்கினேன்.

நடுத்தண்டின்மேல் மூன்று இசைத்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகக் கீழே விழும் கருவி. முள் பிடிக்கும் கையின் தலையில் இருபத்தைந்து சென்ட் காசு ஒன்று ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது, முள் தாவாமல் இருக்க.

விசையைத் தள்ளினேன். முதல் தட்டு விழுந்தது. ஒபீலியா க்ரம்ப். ஜெனீவா அம்மா மரப்படியில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் தடக். ஸ்டான்லி. தடக். மூன்றாவது தட்டு மற்ற இரண்டின்மேல் வழுக்கியது, காசின் கனம் வேறு; சுழற்சி குறைந்து பாட்டு இழுத்தது. அவ்வளவுதான் அதன் அசதி.

"இதுதான்," என்றார் ஜெனீவா அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாம் ஒண்ணுதானேன்னுதான் நான் சொன்னேன்," என்றார்.

மூவருக்கும் தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வந்து பார்க்கும்படி மட்டும் சொன்னேன். ராஸ்கோவின் வண்டியில் வந்தார்கள். நிலவறையில் இறங்கினார்கள். மூடியைத் திறந்து காட்டினேன்.

லெமுவல் இறந்த செய்தி வந்தபோது இந்த மூவரையும் பார்த்தேன். தலையைக் குனிந்து நின்றார்கள். அன்று யாரும் உட்காரவில்லை. இப்போது ராஸ்கோ துவைக்கும் இயந்திரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அடுக்கி வச்சிருக்கான்," என்றார்.

"ஒண்ணுமேல ஒண்ணு," என்றார் ஹெக்டர்.

"காசு வேற ஒட்டியிருக்கான்டா."

ஸ்டான்லி கையுறை போட்டுக்கொண்டு, தான் வாசித்த இசைத்தட்டைத் தண்டிலிருந்து எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். உலகில் பதினோரு பிரதிதான் இருக்கிறது என்று அவர் சொல்வார். கோடுகள் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தன. அவர் கண்ணில் நீர் வந்தது.

"எத்தனை வருஷமாம்மா இப்படி?"

"தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி," என்றார் ஜெனீவா அம்மா.

"தெனமுமா? எங்களைக் கையுறை போட வச்சுட்டு?"

"பட்டறை வேலை, அவரு கை எப்பவும் எண்ணெயும் கிரீஸுமாத்தான் இருக்கும் ஸ்டான்லி."

துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சண்டையாக மாறியது, அது நல்ல அறிகுறி. கீழே இருப்பதுதான் முதலில் விழும், ஆகவே தலைவர் முதலிடம் தந்தது ஒபீலியாவுக்கே என்றார் ராஸ்கோ. விருந்தில் இனிப்பு கடைசியில்தான் வரும் என்றார் ஹெக்டர். சாண்ட்விச்சில் கறி எங்கே இருக்கும் என்று கேட்டார் ஸ்டான்லி. ஜெனீவா அம்மா மேலே போய் காபி போட்டார்.

சனிக்கிழமை காலை ரேடியோகிராமைத் தூக்கிக்கொண்டு போனோம். வேறு கருவியில் தடக் வராது. இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் லூமிஸ் அடக்க இல்லத்தின் பின்வாசலில் அதை இறக்கியபோது, கம்பளிப் போர்வை சுற்றியிருந்ததைப் பார்த்துத் திரு. லூமிஸ், "இன்னொருவரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியடைந்தார். கல்லறை ஆட்கள் சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல் இருக்க மாட்டார்கள், உறைந்த மண்ணை மூட அவர்களுக்கு அரைமணி வேண்டும், தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு தடவை சொன்னார்.

பாதிரியார் பேசினார். பன்னிரண்டு மணிக்கு நான் விசையைத் தள்ளினேன். எழுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'சாவியை வச்சுட்டுப் போ, இனிமே இந்தப் பக்கம் வராதே' என்று ஒபீலியா க்ரம்ப் பெட்டியைப் பார்த்துப் பாடினார். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தடக். அதையே ஐந்து பையன்கள் கத்தினார்கள். குச்சி விழுந்த இடத்தில் ஸ்டான்லி நெஞ்சில் கைவைத்தார். தடக். அக்கார்டியன் மெதுவாக ஊர்ந்து முடிந்தது. முன்வரிசையில் ஜெனீவா அம்மா ஈரக்கண்ணோடு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். சரியாகச் சொல்லிவிட்டார்.

முள் எழுந்தது, நகர்ந்தது, அதே இசைத்தட்டின் தொடக்கத்தில் மறுபடி இறங்கியது. அக்கார்டியன்.

நிலவறையில் பாட்டு முடியும்முன்பே அணைத்துவிட்டதால், தானாக நிறுத்தும் விசை உடைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கடைசித் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும் வகை. ராஸ்கோவைப் பார்த்தேன். அவர் ஸ்டான்லியைப் பார்த்தார். ஒருவருடைய கருவியில் இன்னொருவர் முள்ளைத் தூக்கக் கூடாது. கருவிக்குச் சொந்தக்காரர் அங்கேதான் இருந்தார், பெட்டிக்குள். இரண்டாவது தடவை முடிந்தது. மூன்றாவது தடவை தொடங்கியது. ஹெக்டர் மட்டும் அமைதியாக, கையைக் கட்டிக்கொண்டு, வென்றவர்போல் நின்றார். திரு. லூமிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான்காவது தடவை அக்கார்டியன் தொடங்கியபோது ஜெனீவா அம்மா குதிகாலால் தரையை இரண்டு முறை ஓங்கி மிதித்தார்.

எனக்கு உடனே புரிந்தது. சமையல்கட்டில் நின்று நாற்பத்தோரு வருடம் மிதித்த மிதி. போதும், சாப்பிட மேலே வா.

பாட்டு நிற்கவில்லை. எழுபது பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். காத்திருந்தார். மறுபடி இரண்டு முறை மிதித்தார், இந்தத் தடவை மெதுவாக.

"சரி," என்றார். "நானே வர்றேன்."

எழுந்து வந்து முள்ளைத் தூக்கினார். கையுறை இல்லாமல், ஓரத்தில் பிடிக்காமல், நேராகக் காசைப் பிடித்து. மூன்று ஆண்களும் கண்களை மூடிக்கொண்டார்கள். கூடத்தில் சத்தமில்லை. அடியில் தட்டு மட்டும் வெறுமனே சுற்றியது.

"இப்பத் தூக்குங்க," என்றார்.

ராஸ்கோ, ஸ்டான்லி, ஹெக்டர் மூவரும் முன்பக்கம். லூமிஸின் ஆட்கள் மூவர் பின்பக்கம். பெட்டி நகர்ந்தது. ஜெனீவா அம்மா பின்னால் நடந்தார். நடக்கும்போதே முணுமுணுக்கத் தொடங்கினார், முதலில் இருந்து. ஒருவரும் தடுக்கவில்லை. ராஸ்கோவின் தோள் அசைந்ததைப் பார்த்தேன். வாயால் தடக் சொல்லி ஜெனீவா அம்மா இரண்டாம் பாகத்துக்குப் போனதும் முன்னால் இருந்த ஆறு கால்களும் வேகம் பிடித்தன. பின்னால் இருந்தவர்கள் தடுமாறிச் சேர்ந்துகொண்டார்கள்.

வாசலை நெருங்கும்போது கடைசிச் சரணம். குச்சி விழும் இடம் வந்தது. ஸ்டான்லி ஒரு அடி நின்றார். ராஸ்கோவும் நின்றார். ஹெக்டரும் நின்றார். ஸ்டான்லியின் பாட்டுக்கு ஒருநாளும் வாக்குப் போடாதவர்கள்.

லூமிஸின் ஆட்களுக்குப் பாட்டு தெரியாது. அவர்கள் நடந்தார்கள். பெட்டி கோணிக்கொண்டு போய்க் கதவு நிலையில் இடித்தது. தடக்.

திரு. லூமிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஜெனீவா அம்மா ஒரு கணம் யோசித்தார்.

"கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு," என்றார். பிறகு மூன்றாவதைத் தொடங்கினார், மெதுவாக.